எளிய வழி

இரண்டு நாள் விடுமுறையில் எந்த மலையில் ஏறுவது, எவ்வளவு தூரம் நடப்பது என்பதெல்லாம் தர்ம விசாரத்துக்குரிய கேள்வியா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தவன்தான். ஆனால் ஆம்பூரில் என் அக்காள் வீட்டுக் கூடத்தில், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இதன் பொருட்டு ஒரு மாலைப் பொழுது முழுவதும் வழக்கு நடந்தது. அதைக் கேட்ட பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

அக்காள் மகன் பெங்களூரில் கணிப்பொறிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். கிடைத்த இரண்டு நாளில் ஏலகிரிக்குப் போய், அங்கிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏற வேண்டும் என்று கிளம்பி வந்திருந்தான். மாமாவுக்கு எழுபத்தைந்து வயது. தோல் ஷாப்பில் மேஸ்திரியாக முப்பத்தைந்து வருஷம் நின்றே வேலை செய்த கால்கள். "ஏலகிரிக்கு வர்றேன். ஏரியைச் சுத்தி ஒரு நடை நடந்துட்டு உக்காந்துக்கறேன். அதுக்கு மேல என் முட்டி கேக்காது" என்றார்.

"சுலபமாக் கிடைக்கிற காட்சிக்கு மதிப்பே இல்லப்பா. கஷ்டப்பட்டு ஏறிப் பார்த்தாத்தான் அது நம்மளுது" என்றான் பையன்.

"கஷ்டப்படறதுக்கு லீவு போட்டுட்டு வரணுமா? தம்பி, நீயே சொல்லு" என்று மாமா என் பக்கம் திரும்பினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதுகிறவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியும் என்று உலகம் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை மூவரும் ஏலகிரி ஏறினோம். ஏறினோம் என்பது பேச்சுக்கு; ஏறியது கார். பொன்னேரியிலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தைக் கடந்து, ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் போய் இறங்கிவிடலாம். இதைவிட எளிய வழி வேறென்ன இருக்க முடியும்?

அன்று ஞாயிற்றுக்கிழமை. புங்கனூர் ஏரிக்கரையில் நல்ல கூட்டம். ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வந்த பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் என்று மாமா சொன்னார். பலரைப் பெயர் சொல்லியே விசாரித்தார். கடல் தாண்டிப் போகும் காலணிகளுக்கு மேல்தோலைத் தைக்கும் அந்தப் பெண்கள், தங்கள் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, புல்லில் காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எழுந்து ஏரியைச் சுற்றி வரலாமா என்று கேட்டாள். "சும்மா உக்காருடி" என்றாள் மற்றொருத்தி.

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி வழக்கு தீர்ந்துவிட்டது. கஷ்டம் என்பதும் ஒருவகைச் செல்வம்தான். அது குறைவாக உள்ளவன்தான் அதைத் தேடிப் போகிறான். நாற்காலியில் தேய்ந்தவனுக்குச் செங்குத்துப் பாதை விருந்து. நின்று தேய்ந்தவளுக்குப் புல்தரை விருந்து. இதில் ஒன்றை வீரம் என்றும் மற்றொன்றைச் சோம்பல் என்றும் சொல்வது, பசித்தவனையும் உண்டு முடித்தவனையும் ஒரே தராசில் நிறுப்பது போன்றது. நம் பெரியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது திருவண்ணாமலை. அங்கே மலையின் மேல் ஏறுவோரும் உண்டு. ஆனால் லட்சக்கணக்கான மக்கள் செய்வது அடிவாரத்தைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் சமதரை நடை. உச்சிக்குப் போகாததால் அவர்கள் பக்தி குறைந்ததென்று யாரும் சொன்னதில்லை.

இப்படி ஒரு முடிவுக்கு வந்து, அதை மாமாவிடம் சொல்லிப் பாராட்டும் பெறலாம் என்றிருந்தேன். மாலையில் சமவெளியைப் பார்க்கும் இடத்துக்குப் போனோம். அங்கே என் முடிவு கொஞ்சம் ஆடிப்போயிற்று.

கீழே பச்சையும் பழுப்புமாக நிலம் விரிந்து கிடந்தது. தொலைவில், வெயில் சாயும் நேரத்தில், வெள்ளைச் சரிகை போல ஒரு கோடு. "அழகா இருக்குல்ல? என்னதுப்பா அது?" என்று கேட்டுக்கொண்டே பையன் படம் எடுத்தான்.

"பாலாறு" என்றார் மாமா. கொஞ்ச நேரம் கழித்து, "இங்கேயிருந்து பார்த்தா அழகாத்தான் இருக்கு" என்றார்.

அன்றிரவு விடுதித் தாழ்வாரத்தில் அவர் பேசியதை அப்படியே எழுத எனக்குச் சக்தியில்லை. சாரத்தைச் சொல்கிறேன். முன்பெல்லாம் ஆவாரம் பட்டையில் ஊறவைத்துத்தான் தோல் பதனிடுவார்கள். அதற்கு வாரக் கணக்கில் பொறுமை வேண்டும். 1970களில் அரசாங்கம் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலுக்கும் காலணிக்கும் ஊக்கம் கொடுத்தது. நல்ல நோக்கம்தான், அதனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன. ஆவாரம் பட்டைக்குப் பதில் குரோம் உப்பு பெருகியது. டிரம்மில் போட்டுச் சுற்றினால் ஒரு நாளில் தோல் நீலம் பாய்ந்து வெளியே வரும். ‘வெட் புளூ’ என்பார்கள். எவ்வளவு எளிய வழி! ஆனால் தோல் கெடாதிருக்கத் தடவிய உப்பும், மயிர் களையப் போட்ட சுண்ணாம்பும், குரோமும் தண்ணீரோடு எங்கே போகும்? பள்ளத்தை நோக்கித்தான் போகும். பள்ளத்தில் இருந்தது ஆறு.

1996 ஆகஸ்டில், வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு பிரசித்தமானது. மாசு செய்தவரே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நியாயத்தை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்பு அது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று ஒரு கணக்கெடுப்பு கண்டதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர் என்றும் அதில் வருகிறது. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வேலை செய்தன, இழப்பீடுகள் கணக்கிடப்பட்டன. ஆனாலும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடியும் பேச வேண்டியிருந்தது.

"நான் மேஸ்திரி தம்பி. தொட்டியைத் திறந்து விடச் சொன்னா திறந்து விட்டவன். மாசம் பொறந்தா சம்பளம். எங்கப்பாவோட தென்னந்தோப்புக் கிணறு உப்பாப் போனப்ப, எந்தத் தண்ணியால போச்சுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் தோப்பை வித்தேன். வித்த காசுலதான் இவனைப் படிக்க வெச்சேன்" என்றார் மாமா.

பையன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

எளிய வழியைத் தேர்வதில் பாவமில்லை என்று பகலில் நான் முடிவு கட்டியிருந்தேன் அல்லவா? இரவில் அதற்கு ஒரு நிபந்தனை வந்து சேர்ந்தது. நமக்கு எளிதாகும்போது, நம்மை விட்டு நீங்கிய சிரமம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். ஏரிக்கரையில் காலை நீட்டிய அந்தப் பெண்ணின் சுகம் யார் தலையிலும் விழவில்லை. அது நிரபராதமான சுகம். வாரக் கணக்கை ஒரு நாளாகச் சுருக்கிய வழியின் சிரமமோ, பக்கத்து வயல்காரனின் கிணற்றில் போய் இறங்கிக்கொண்டது. இரண்டும் எளிய வழிதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

விடுமுறைக்காரர்களாகிய நமக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அழகான இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். தவறில்லை, இரண்டு நாள் கிடைத்தவன் அவலத்தைத் தேடிப் போக வேண்டும் என்று யாரும் விதிக்க முடியாது. ஆனால் தூரத்திலிருந்து அழகாகத் தெரிவதைப் படம் எடுத்துக்கொண்டு, கிட்டப் போகாமலே திரும்பும் பழக்கம் நாளடைவில் வாழ்க்கைப் பழக்கமாகிவிடுகிறது. இதை நான் எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். எத்தனையோ முறை ரயிலில் இந்த ஆற்றின் ஓரமாகப் போயிருக்கிறேன். ஒரு முறைகூட இறங்கி நடந்ததில்லை.

மறுநாள் விடியும் முன்பே பையன் மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலைக்கு ஏறிவிட்டு, பத்து மணிக்கு வியர்வையும் சந்தோஷமுமாகத் திரும்பி வந்தான். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சொந்தக் காலால் சம்பாதித்தது அது. மத்தியானம் மலை இறங்கி ஆம்பூர் வந்தோம். வீட்டுக்குள் நுழையப் போகிற நேரத்தில் அவனே, "அப்பா, ஆத்துல கொஞ்ச தூரம் நடக்கலாமா?" என்று கேட்டான்.

பாலாற்றில் நடப்பதைப் போல எளிய நடை இந்த வட்டாரத்திலேயே இல்லை. மேடில்லை, பாறையில்லை, அநேக நாட்களில் தண்ணீரும் இல்லை. நந்தி மலைப் பக்கம் பிறந்து மூன்று மாநிலங்களின் வழியே 348 கிலோமீட்டர் வந்து வயலூரில் கடலைச் சேரும் ஆறு; அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். 1903 நவம்பரில் இது பெருகி வாணியம்பாடியில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2021 நவம்பரிலும் கரைபுரண்டு ஓடியது. மற்ற நாட்களில் மணல், மணல் அள்ளிய பள்ளம், சீமைக் கருவேலம், குப்பை.

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை என்று இளங்கோவடிகள் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த விஷயம். அதை இலக்கணம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாலைவனம் பார்க்க மக்கள் ராஜஸ்தானத்துக்குப் போகிறார்கள். அங்கே இருப்பது இயற்கை வைத்த பாலை. இங்கே காலடியில் இருப்பது திரிந்த பாலை. கோடையும் மழைப் பொய்ப்பும் மட்டும் திரித்ததல்ல. மேலே தடுத்தவர்களும், மணல் அள்ளியவர்களும், கழிவை விட்டவர்களும், பளபளக்கும் தோலை வாங்கி மாட்டிக்கொண்ட நாமும் சேர்ந்து திரித்தது.

மாமா ஓரிடத்தில் நின்றார். "இந்த இடத்துலதான் ஊத்து தோண்டுவோம். ஒரு முழம் தோண்டினா தண்ணி வரும். கையால அள்ளிக் குடிப்போம்" என்றார். பையன் உடனே குனிந்து கையாலேயே மணலைப் பறித்தான். ஒரு முழம் ஆயிற்று. ஈரம்கூட இல்லை. "விடுடா" என்றார். அவன் விடவில்லை, இன்னும் கொஞ்சம் பறித்துவிட்டு, நகக்கண்ணில் மணலோடு எழுந்தான்.

மாமாவுக்கு முட்டி வலித்தது. அங்கேயே மணலில் உட்கார்ந்தோம். பையன் அப்பாவின் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துப் பிடித்துவிட்டான். இருட்டுகிற வரையில் மூவரும் பேசவில்லை. திரும்பி வந்து தூரத்தைக் கணக்குப் பார்த்தால், போக வர ஒரு மைல்கூட இராது.