சுண்டெலியும் நாமும்

சுண்டெலியும் மனிதனும் ஒன்றா என்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் மூளைக் காய்ச்சலுக்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக் கூடத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. மருந்தைப் பரீட்சிக்கும்போது, "ஒன்றுதான், அதன் மூளையில் வைரஸ் செய்யும் அட்டூழியத்தைத்தான் நம் மூளையிலும் செய்கிறது" என்கிறோம். அதைக் கொல்வது நியாயமா என்று எவராவது கேட்டால், "போயும் போயும் ஒரு சுண்டெலிதானே!" என்கிறோம். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல நாம் கூசுவதே இல்லை.

ஜப்பானிய மூளைக் காய்ச்சல் நம் நாட்டில் இருப்பது 1955-ல் வேலூர்ப் பக்கம்தான் முதலில் தெரியவந்தது. கொசுவால் வருவது, பெரும்பாலும் குழந்தைகளையே பிடிப்பது. தடுப்பூசி உண்டு. வந்துவிட்ட பிறகு அந்த வைரஸை அழிக்க இன்றுவரை தனி மருந்து கிடையாது. ஹரியானாவில் மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில், மினோசைக்ளின் என்ற பழைய மருந்தை நோய் ஏற்றிய சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூளைச் சேதம் குறைந்தது. வைரஸின் பெருக்கமும் குறைந்தது. இது 2008-ல். பிறகு லக்னோவில் மூளைக் காய்ச்சல் கண்ட மனிதர்களுக்கே கொடுத்தார்கள். 2016-ல் வெளியான முடிவில், பலன் உண்டென்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

எலிக்கு ஊசி குத்திய வேளை ஆராய்ச்சியாளருக்குத் தெரியும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மருந்து கொடுக்கிறார். கிராமத்துக் குழந்தையைக் கொசு கடித்த வேளை யாருக்குத் தெரியும்? ஐந்து நாளோ பதினைந்து நாளோ கழித்துக் காய்ச்சல், அப்புறம் வலிப்பு, நினைவு தப்பிய பிறகு ஆஸ்பத்திரி. காரணம் இது ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டுக் குழந்தை அப்படிக் கிடந்தால், எத்தனை எலி வேண்டுமானாலும் போகட்டும் என்றுதான் நானும் சொல்வேன். அதற்குத் தர்மம் என்று பெயர் வைக்க மட்டும் மாட்டேன்.

இப்போது மனித உயிரணுக்களைக் கொண்டே, பட்டாணி அளவுக்கு மூளைத் திசுவைப் பாத்திரத்தில் வளர்க்கிறார்கள். ஜிகா வைரஸ் சிசுவின் மூளையை எப்படிக் குலைக்கிறது என்று 2016-ல் அதில் வைத்துப் பார்த்தார்கள். எலிக்கு விமோசனம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பட்டாணிக்கு ரத்த ஓட்டம் இல்லை. ரத்தத்திலிருந்து மருந்து மூளைக்குள் நுழையுமா என்பதை அதனிடம் கேட்க முடியாது. அதற்கு மறுபடி எலியிடம்தான் போகவேண்டும். இந்தக் குறைகளையும் ஒவ்வொன்றாகத் தீர்க்கப் பார்க்கிறார்கள். எல்லாம் தீர்ந்து, அது அசல் மூளையைப் போலவே ஆகிவிட்டால் அதற்கு வலிக்குமா, வலிக்காதா? எலிக்காவது கீச்சிடத் தெரியும்.