ஊசியும் அமானிதமும்

ரமளான் நெருங்கினால் நம்மிடம் தவறாமல் வரும் மஸ்அலா ஒன்றுண்டு: ஊசி போட்டுக்கொண்டால் நோன்பு முறியுமா? தோலுக்கடியில் போடும் மருந்தூசியால் முறியாது என்பதே இக்கால உலமாக்களில் பெரும்பாலோர் கருத்து. சென்ற முறை இதைக் கேட்ட சகோதரரிடம், என்ன ஊசி என்று விசாரித்தோம். உடல் இளைப்பதற்காக இணையத்தில் தருவித்த பெப்டைடுப் பொடியாம். நீரில் கரைத்து, வாரம் ஒருமுறை தாமே போட்டுக்கொள்கிறாராம். அதில் பன்றிச் சத்து சேர்ந்திருக்குமோ என்றும் அஞ்சினார். சீசாவின்மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்ற அச்சம் மட்டும் அவருக்கு வரவில்லை!

வீட்டில் ஊசி போடுவதைக் குற்றம் என்போமல்லோம். இன்சுலினும் பெப்டைடு இனமே. 1922 முதல் அது எத்தனையோ உயிர்களைக் காத்து வருகிறது. நம் வீடுகளில் வயது முதிர்ந்த தாய்மார்கூடத் தாமே போட்டுக்கொள்கின்றனர். ஆனால் அதைச் செய்தவர் யார், சோதித்தவர் யார், அளவு சொன்ன மருத்துவர் யார் என்பது தெரியும். இணையப் பொடியிலோ 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். விற்பவன் அந்தச் சீட்டைக் காட்டித் தப்பிக்கொள்வான்.

"கை கழுவுகிறேன், ஸ்பிரிட்டால் துடைக்கிறேன், ஒவ்வொரு முறையும் புது ஊசி" என்றார் சகோதரர். நல்லதுதான். ஆயினும் செத்த கிருமிகள் பொடியில் விட்டுச்சென்ற நஞ்சு ஸ்பிரிட்டுக்குப் போகாது, கண்ணுக்கும் தெரியாது. அளவின் கதை இன்னும் மோசம். நம் நாட்டில் இன்சுலின் சிரிஞ்சு 40 யூனிட், 100 யூனிட் என இருவகை. இரண்டிலும் 10 என்ற கோடு உண்டு. முன்னதில் அது கால் மில்லி, பின்னதில் 0.1 மில்லி, இரண்டரை மடங்கு வித்தியாசம்! அமெரிக்காவில் மருந்துச்சாலைகள் கலந்து கொடுத்த செமாகுளுடைடு சீசாக்களிலேயே, 5 முதல் 20 மடங்குவரை மிகுதியாகப் போட்டுக்கொண்டவர்கள் இருந்தனர் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024ல் எச்சரித்தது. அம்மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரமாகும். உள்ளே போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மருத்துவம் அறியாதவன் வைத்தியம் பார்த்துக் கேடு விளைந்தால் அவனே பொறுப்பாளி (ளாமின்) என்ற கருத்தில், அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் ஹதீஸ் வந்துள்ளது. பிறர் உடலைக் கெடுத்தவன் கதி இதுவானால், தன் உடலைக் கெடுத்தவன்? "என் உடம்பு, என் காசு" என்கிறோம். காசு ஒருவேளை நம்முடையதாக இருக்கலாம். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நிர்ப்பந்தம் வந்தால் விலக்கப்பட்டதும் ஆகும் என்று ஃபிக்ஹில் படிக்கிறோம். ஆனால் எந்த நிர்ப்பந்தமும் தெரியாத பொடியைத் தெரிந்த மருந்தாக்கிவிடாது.

கல்யாண வீடுகளில் பருமனைச் சொல்லிக் கேலி செய்ததால்தான் இதில் இறங்கினாராம். அந்த நாவுகளுக்கும் இதில் பங்கில்லையா?

உடனே நிறுத்துங்கள், சீசாவை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், எத்தனை முறை, எவ்வளவு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றோம். ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வீக்கம் கண்டால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம் என்றும் சொன்னோம். தலையசைத்தார். எழுந்து போகையில் வாசலில் நின்று, மனைவிக்கும் அதே சீசாவிலிருந்து இரண்டு முறை போட்டிருப்பதாகத் தயங்கியபடி சொன்னார். அவரையும் கூடவே அழைத்துப் போகச் சொன்னோம்.