கையைப் பிடித்த பிள்ளைக்கு வீடு எங்கே?

கேள்வி: ஐயா, ஜூன் விடுமுறையில் எங்கள் சபையிலிருந்து கம்போடியாவின் சியம் ரீப்புக்கு மிஷன் பயணம் போய்வந்தோம். ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம் ஒன்றில் பாட்டு, வேதாகமக் கதை, விளையாட்டு என்று ஒரு வாரம் ஓடியது. ஆறேழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, நான் வேனைவிட்டு இறங்கியதுமே கையைப் பிடித்தாள், கிளம்பும்வரை விடவில்லை. இப்போது ஜெபிக்க உட்கார்ந்தாலே அவள் முகம்தான். மறுபடி போகச்சொல்லி ஆண்டவர் அழைக்கிறாரா?
— ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: சகோதரி, அந்தப் பாரத்தை ஆண்டவர்தான் தந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மறுபடி விமானம் ஏறுவதற்குத்தான் தந்தார் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

அவள் கையைப் பிடித்த வேகத்தை யோசித்துப் பாருங்கள். அம்மா பக்கத்தில் இருக்கிற பிள்ளை புது ஆளைக் கண்டால் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். யாரைப் பார்த்தாலும் உடனே ஒட்டிக்கொள்கிற பிள்ளை, கூடவே இருக்க ஒருவர் இல்லாமல் ஏங்கிய பிள்ளையாக இருக்கலாம். இல்லங்களில் வேலை செய்கிறவர்கள் இதை அறிவார்கள். உங்களுக்கு முன்னால் ஒரு குழு வந்திருக்கும். பின்னால் இன்னொன்று வரும். ஒவ்வொரு வேன் கிளம்பும்போதும் அவள் ஒருவரை இழக்கிறாள்.

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சி, எத்தனையோ பிள்ளைகளை உண்மையிலேயே தாய் தகப்பன் இல்லாதவர்களாக்கியது. அந்தத் தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆனால் பிற்பாடு சுற்றுலாப் பயணிகளும் நம்மைப்போன்ற குழுக்களும் பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. அங்கே இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததாக 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. பெற்றவர்கள் ஏன் விட்டார்கள்? வறுமை. இங்கே விட்டால் மூன்று வேளைச் சோறு, படிப்பு என்ற நம்பிக்கை. நாம் நல்ல மனதோடு போட்ட காணிக்கையே பிள்ளையை வீட்டிலிருந்து இழுக்கும் கயிறாகிவிட்டது. இதை எழுத எனக்கு வலிக்கிறது.

யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகார முடிவை வைத்துத்தான் இந்தப் பயணங்களுக்குப் புறப்படுகிறோம். அங்கே திக்கற்ற பிள்ளையோடு விதவையும் சேர்ந்தே நிற்கிறாள். நாம் பிள்ளையைப் பார்க்கப் போகிறோம். அந்தப் பிள்ளையைப் பெற்றவளைத் தேடி யார் போகிறோம்?

எனவே, டிக்கெட்டுக்குப் பணம் சேர்க்கும் முன் அந்த இல்லத்தாரிடம் கேளுங்கள்: இவளுக்குச் சொந்தபந்தம் யார் இருக்கிறார்கள்? கடந்த வருஷம் எத்தனை பிள்ளைகளை வீட்டில் சேர்த்தீர்கள்? பதில் மழுப்பலாக வந்தாலும் உதவியைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், பிள்ளைகள்தான் பட்டினி கிடப்பார்கள். வீட்டுக்கு அரிசி, பள்ளிச் செலவு, அம்மாவுக்கு ஒரு பிழைப்பு என்று அதே பணத்தை மெல்ல மெல்லத் திருப்பிவிடச் சொல்லுங்கள். யாருமே இல்லாத பிள்ளைக்கு அந்த ஊரிலேயே வளர்க்க முன்வரும் ஒரு குடும்பம் வேண்டும். இதைக் கம்போடியச் சபையார் தங்கள் மொழியில், தங்கள் ஊரில் செய்வார்கள். நீங்கள் அவர்களுக்குத் தோள் கொடுங்கள்.

போகவே வேண்டாமா என்று கேட்பீர்கள். மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்தார். 1951-ல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை. அவர் வளர்த்த டோனாவூர்ப் பிள்ளைகள் அவரை ‘அம்மா’ என்றார்கள். அப்படித் தங்கிவிட அழைப்பு இருந்தால் கெமர் மொழியைக் கற்கத் தொடங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவள் அம்மாவுக்காகவும் தினமும் ஜெபியுங்கள்.

கேள்வி: இல்லத்துப் பிள்ளைகளோடு எடுத்த படங்களைச் சபைப் பத்திரிகையில் போடலாமா?
— ஒரு வாசகர், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம். நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளையின் முகத்தைப் போட்டு, அடியில் ‘அநாதை’ என்று அச்சிடுவோமா? இல்லத்துப் பிள்ளைக்கும் நாளை இருபது வயதாகும். தன் படத்தைத் தானே பார்க்கும். சபைக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமானால், இந்த வருஷம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள் என்று எழுதுங்கள்.