ஈர விறகும் சி லொகேலும்

தர்க்க சாஸ்திரத்தில் மலையும் புகையும் எல்லோருக்கும் தெரியும். மலைமேல் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு. இதையே திருப்பிப் போட்டால் செல்லாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை கிடையாது. புகைக்கு நெருப்பு மட்டும் போதாது, ஈர விறகும் வேண்டும். சொல்லாமலே உள்ளே ஒளிந்திருக்கும் இந்த நிபந்தனைக்கு நையாயிகர்கள் உபாதி என்று பெயர் வைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகத்திலும் இந்த ஈர விறகு வருகிறது.

என் பிழைப்பு மென்பொருள் சோதனை. "என் மெஷின்ல பாஸ் ஆகுதேக்கா" என்று யாராவது வந்து நின்றால் நான் கேட்பது ஒன்றுதான்: "லொகேல் என்ன வெச்சிருக்கே?" மெஷினின் மொழி, நாடு அமைப்பைத்தான் கேட்கிறேன். பெரும்பாலும் முழிப்பார்கள். ஓஎஸ் போட்ட அன்று அமெரிக்க ஆங்கிலம் என்று யாரோ அமுக்கியது. அதோடு அதை மறந்தாயிற்று. அதுதான் அந்த டெஸ்டின் ஈர விறகு.

இரும்புக் குண்டு துருக்கியிலிருந்து வரும். சிறிய எழுத்தில் 'டைட்டில்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தாக்கி ஒப்பிடும் டெஸ்ட் ஒன்று. எந்த மொழி என்று சொல்லாமல் மாற்றச் சொன்னால் ஜாவா அந்த மெஷினின் மொழியை எடுத்துக்கொள்ளும். 1928-இல் லத்தீன் எழுத்துக்கு மாறிய துருக்கியில் புள்ளி வைத்த 'ஐ' வேறு, புள்ளியில்லாத 'ஐ' வேறு. இரண்டுக்கும் தனித்தனியே பெரிய எழுத்து உண்டு. எனவே பெரிய எழுத்தான பிறகும் அந்த 'ஐ' தலையில் புள்ளியோடு நிற்கும். எதிர்பார்த்த வரியும் வந்த வரியும் திரையில் மேலும் கீழுமாக இருக்கும். புள்ளி கண்ணில் படுவதற்குள் காபி ஆறிவிடும்.

ஜெர்மன் மெஷினில் மூன்றரை என்பது 3,5. கோப்பு இல்லை என்ற பிழைச் செய்தி அந்தந்த ஊர் மொழியில் வரும். ஆங்கில வாக்கியத்துக்காகக் காத்திருக்கும் டெஸ்ட் விழும். லினக்ஸில் அதன் பிழை எண் 2, அது எந்த மொழியிலும் 2தான். வாக்கியத்தை விட்டு எண்ணைப் பிடித்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதிக்கு ஊரே சொல்லும் வைத்தியம், லொகேலைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் என்ற மாறியைச் 'சி' என்று வைத்துவிடுவது. மொழி, நாடு எல்லாவற்றையும் துடைத்துவிட்ட இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அத்வைதிகள் சொல்லும், நாமரூபம் நீங்கிய நிர்விசேஷ பிரம்மம் மாதிரி. இங்கே நான் ராமானுஜர் கட்சி. விசேஷங்கள் ஏதுமற்ற வஸ்துவுக்குப் பிரமாணமே இல்லை, பிரத்யட்சமோ அனுமானமோ சாஸ்திரமோ விசேஷத்தோடு கூடியதையே காட்டும் என்று ஸ்ரீபாஷ்யத்தில் வாதிடுகிறார். அத்வைதிகளிடம் பதில் இருக்கிறது. பிரம்மத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. சி லொகேலைப் பற்றிச் சொல்லலாம். அதில் தசமத்துக்குப் புள்ளி, செய்திக்கு ஆங்கிலம். 'அ' எழுத்தா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். அகராதியில் 'பக்கம்' முன்னால், 'பகல்' பின்னால். சி-யின் பைட் வரிசையில் பகல் முந்திக்கொள்ளும். டாட்நெட்டில் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி இன்வேரியன்ட் கல்ச்சர். எந்த நாட்டையும் சேராதது, ஆனால் ஆங்கில மொழியைச் சேர்ந்தது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. ஊர் இல்லை, பாஷை மட்டும் உண்டு!

சி கூடாது என்பதில்லை. இன்னொரு புரோகிராம் படிக்கப்போகும் கோப்புக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அது பில்ட் சர்வரின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கக்கூடாது, டெஸ்டுக்குள்ளேயே எழுதியிருக்க வேண்டும். 'ஈர விறகில் பற்றிய நெருப்பு இருப்பதால் புகை உண்டு' என்றால் நையாயிகரும் ஒப்புக்கொள்வார். சொல்லிவிட்ட நிபந்தனை ஹேதுவில், அதாவது காட்டும் காரணத்தில், சேர்ந்துவிடுகிறது.

மனிதர் படிக்கும் பக்கங்களுக்கு இது போதாது. அவற்றைத் துருக்கிய மொழியிலும் ஜெர்மனிலும் தமிழிலும் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். தமிழ் நம் ஆசைக்காக இல்லை. அமெரிக்கர் 1,234,567 என்று எழுதும் தொகையை நாம் 12,34,567 என்று எழுதுகிறோம். மூன்று மூன்றாகவே கமா விழும் என்று நம்பி எழுதிய டெஸ்ட் அங்கே சிவப்பாகும். "தமிழ்ல யாருக்கா ஓட்டப்போறா?" என்று கேட்கிறவன் போனில் அவன் அம்மா தமிழில்தான் வைத்திருக்கிறார்.