யார் பொருட்டுப் பேசுகிறோம்?

1979ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெ மொயின் நகரை ஒட்டிய பண்ணை வெளியொன்றில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அங்கே திருப்பலி நிறைவேற்ற வந்திருந்தார். நியூயார்க், சிக்காகோ, வாஷிங்டன் போன்ற மாநகரங்கள் நிறைந்த அப்பயணத்தில் இந்த நாட்டுப்புறம் இடம்பெற்றதற்கு ஓர் எளிய விவசாயி தம் கைப்பட எழுதி அனுப்பிய கடிதமே தூண்டுதலாக இருந்தது. மக்காச்சோளம் விளையும் அம்மண்ணில் நின்று, உழவருக்கு உரிய மூன்று பண்புகளைத் திருத்தந்தை எடுத்துரைத்தார்: நன்றியுணர்வு, நிலத்தைப் பேணிக் காக்கும் பொறுப்பு, பிறருக்கு வழங்கும் தாராள மனம்.

கடிதம் எழுதிய அம்மனிதரை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் நாட்டுப்புற மக்கள் அனைவருக்காகவும் அவர் பேசினார். பிறருக்காகப் பேசுதல் என்பது எத்தகைய செயல்? அதன் அறம் யாது? அந்த அயோவா மண்ணின் மக்காச்சோள விவசாயிகளையும் அவர்தம் தலைவர்களையும் முன்னிறுத்தி இக்கேள்வியைச் சிறிது ஆராய விரும்புகிறேன்.

அமெரிக்காவின் தேசிய மக்காச்சோள விவசாயிகள் சங்கம் 1957இல் தோன்றியது. சந்தா செலுத்தும் உறுப்பினர்கள் ஏறத்தாழ 40,000 பேர். விளைச்சலை விற்கும்போது புஷலுக்கு இவ்வளவு எனப் பிடித்துக்கொள்ளப்படும் சிறு தொகையின் வழியாகத் தத்தம் மாநிலத்தில் பங்களிப்போரோ 300,000க்கும் மேற்பட்டவர்கள். (ஒரு புஷல் மக்காச்சோளம் 25 கிலோவுக்குச் சற்று மிகுதி.) இவர்கள் அனைவரின் சார்பாகவும் பேசும் தலைவர், தாமே உழுது பயிரிடும் ஒரு விவசாயி. 2012இல் அயோவாவைச் சேர்ந்த பாம் ஜான்சன் முதல் பெண் தலைவராகப் பொறுப்பேற்றார். பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. பங்குப் பேரவைகளில் இருபது ஆண்டுகள் ஒரே நாற்காலியில் அமர்ந்திருப்போரைக் கண்டவன் என்ற முறையில், இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவ்விவசாயிகளின் குறைகள் பொய்யானவை அல்ல. 2022ஆம் ஆண்டு வசந்தத்தில் புஷல் ஒன்று 8 டாலரை எட்டிய விலை, 2024 ஆகஸ்டில் 4 டாலருக்கும் கீழே இறங்கியது. விதை, உரம், குத்தகை ஆகியவற்றின் செலவு அதே அளவுக்கு இறங்கவில்லை. 2018இல் பேயர் நிறுவனம் மான்சாண்டோவை விலைக்கு வாங்கியது. டௌ, டூபாண்ட் நிறுவனங்கள் 2017இல் இணைந்து, அவற்றின் வேளாண் பிரிவு 2019இல் கோர்டேவா எனத் தனித்து நின்றது. இன்று அந்நாட்டு மக்காச்சோள விதைச் சந்தையின் பெரும்பகுதி இவ்விரு நிறுவனங்களின் கையில் உள்ளது. விதையை விற்போர் மிகச் சிலர், வாங்குவோரோ இலட்சக்கணக்கானோர். இந்நிலையில் விவசாயிகள் ஒன்றுசேர்ந்து குரல் எழுப்புவது நீதியே. சங்கம் அமைக்கும் உரிமையைத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இலேயே வலியுறுத்தியதை நாம் அறிவோம்.

சிக்கல் எங்கே எழுகிறது? எத்தனால் எரிபொருளை எடுத்துக்கொள்வோம். 2005இலும் 2007இலும் இயற்றப்பட்ட சட்டங்கள், பெட்ரோலில் உயிரி எரிபொருள் கலப்பதைக் கட்டாயமாக்கின. மக்காச்சோள எத்தனாலுக்கு ஆண்டுக்கு 1,500 கோடி காலன் வரை இடம் கிடைத்தது. இன்று அந்நாட்டு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைகளுக்குச் செல்கிறது. விலை வீழ்ச்சியால் தலைமுறை தலைமுறையாக நொந்துபோன உழவனுக்கு இது ஊன்றுகோலாயிற்று. அதைப் பெற்றுத் தந்த தலைவர்களை அவன் வாழ்த்தியதில் வியப்பில்லை. ஆனால் 2007 ஜனவரி 31 அன்று மெக்சிகோ நகர வீதிகளில் பல்லாயிரவர் திரண்டனர். அவர்களின் அன்றாட உணவாகிய தொர்த்தியா ரொட்டியின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றிருந்தது. அதே ஆண்டு ஐ.நா. அவையின் உணவுரிமை அறிக்கையாளர் ஜான் சீக்லர், உணவுப் பயிரை எரிபொருளாக்குவது மானிடத்துக்கு எதிரான குற்றம் என்று கண்டித்தார்.

இக்கண்டனம் ஒருதலைப்பட்சமானது என்பதையும் சொல்ல வேண்டும். ஆலைக்குச் செல்லும் தானியம் முழுவதும் எரிந்துபோவதில்லை. எஞ்சும் சக்கை கால்நடைத் தீவனமாகிறது. மெக்சிகோ விலையேற்றத்தில் பதுக்கல்காரரின் கையும் உண்டு என அப்போதே குற்றஞ்சாட்டப்பட்டது. மேலும், 1994இல் வட அமெரிக்க வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், அமெரிக்க மக்காச்சோளம் மலிவாக வந்து குவிவதால் மெக்சிகோவின் சிறு உழவர்கள் நிலத்தை இழக்கிறார்கள் என்பதே அதுவரை எழுந்த புகார். மலிவாக விற்றபோதும் பழி, விலை ஏறியபோதும் பழி. மலிவு உழவனை வீழ்த்தியது. விலையேற்றம் நகரத்து ஏழையை வாட்டியது. நியாய விலை பற்றிக் குருமடத்தில் நாங்கள் படித்த பாடங்கள், எல்லை தாண்டும் சந்தையின் முன் எவ்வளவு எளிமையாகத் தோன்றுகின்றன!

இவ்விடத்தில் புனித தோமா அக்குவினாசின் ‘இறையியல் தொகுப்பு’ துணைக்கு வருகிறது. கள்வன் ஒருவனுக்கு நடுவர் சாவுத்தண்டனை விதிக்க விரும்புகிறார். கள்வனின் மனைவியோ அவன் உயிரோடிருக்க விரும்புகிறாள். இருவரில் எவருடைய விருப்பம் நல்லது? இரண்டுமே நல்லவை என்கிறார் தோமா. (சாவுத்தண்டனையை ஏற்க இயலாது என 2018இல் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு திருத்தப்பட்டது வேறு செய்தி, எடுத்துக்காட்டின் கருத்து அதனால் கெடவில்லை.) நடுவர் பொது நன்மையை நாடுகிறார், மனைவி தன் குடும்பத்தின் நன்மையை நாடுகிறாள். அது அவளுக்கு உரிய கடமை. ஆயினும் தனி நன்மையை நாடும் எவரும் அதைப் பொது நன்மை என்னும் இறுதி நோக்கோடு தொடர்புபடுத்தியே நாட வேண்டும் என்று அவர் ஒரு வரையறை இடுகிறார். நான் அதை இவ்வாறு புரிந்துகொள்கிறேன்: மனைவி மன்றாடலாம், நடுவரின் நாற்காலியில் தானே ஏறி அமர்தல் ஆகாது.

மக்காச்சோள விவசாயிகளின் தலைவர் அந்த மனைவியைப் போன்றவர். 2024 ஜூனில், வாகனப் புகை பற்றிய அரசு விதி மின்சார வாகனங்களுக்கு மட்டுமே சாதகமானது எனக் கருதி, அவருடைய சங்கம் பெட்ரோலிய நிறுவனங்களின் அமைப்போடு சேர்ந்து வழக்குத் தொடுத்தது. எத்தனாலுக்கு நேற்றுவரை எதிரியாக நின்ற எண்ணெய்த் துறை இன்று தோழன்! தம்மவரின் சந்தையைக் காக்க முயலும் அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மற்றவர்களின் மன்றாட்டு அந்த மன்றத்தில் கேட்கப்படுகிறதா? மெக்சிகோவின் மூதாட்டிக்கு வாஷிங்டனில் அலுவலகம் உண்டா? மக்காச்சோளம் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அவளுடைய முன்னோர் காட்டுப்புல்லிலிருந்து உருவாக்கிய பயிர் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கே மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில், ஏரிப் பாசனத்துக்காக மக்கள் சார்பில் மனு எழுதி, நானே அலுவலகம் அலுவலகமாக நடந்தேன். எங்கள் ஊர் மடைக்கு முதலில் தண்ணீர் வந்தது. மக்கள் எனக்கு மாலையிட்டனர். அறுவடை முடிந்தபின் கடைமடை ஊரிலிருந்து முதியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நம் சபையைச் சாராதவர். “சாமி, நீங்க எங்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மறு ஆண்டு மனுவில் கடைமடைக்கும் முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும் என ஒரு வரி சேர்த்தேன். முந்தைய ஆண்டு கையெழுத்திட்டவர்களில் பாதிப்பேர் அதில் கையெழுத்திடவில்லை. எனக்கு மாலையிட்டவரும் அவர்களுள் ஒருவர்.

ஆகவே, தம்மவருக்காகப் பேசுதல் தலைமையின் பாதி என்றும், தம்மவரிடம் பேசுதல் மறுபாதி என்றும் சொல்லும்போது அதன் விலையை அறிந்தே சொல்கிறேன். அயோவாவில் அந்த மறுபாதியை வற்புறுத்துவது தண்ணீர்தான். மக்காச்சோள வயல்களுக்கு இடும் தழைச்சத்தில் பயிர் உண்டது போக எஞ்சியது நைட்ரேட்டாகி, நிலத்தடியில் புதைக்கப்பட்ட வடிகால் குழாய்கள் வழியே ஆறுகளில் கலக்கிறது. அந்த ஆறுகளே டெ மொயின் நகரின் குடிநீர். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து என்பதால், நைட்ரேட்டை நீக்குவதற்கென்றே நகரத்தார் பெரும் பொருட்செலவில் ஓர் ஆலையை நடத்துகின்றனர். 2015இல் நகரக் குடிநீர் நிறுவனம் மேற்புறத்து மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள்மீது வழக்குத் தொடுத்தது. 2017இல் அது தள்ளுபடியாயிற்று. விவசாய அமைப்புகள் வடிகால் அமைப்புகளின் பக்கமே நின்றன. 2025 ஜூனில் அளவு மிகவே, வீட்டுப் புல்வெளிகளுக்குத் தண்ணீர் விடலாகாது என அப்பகுதி மக்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. எஞ்சிய நைட்ரேட்டு மிசிசிப்பி வழியே மெக்சிகோ வளைகுடாவைச் சென்றடைந்து, கோடைதோறும் கடலடியில் உயிர்க்காற்று அற்ற பரப்பொன்றை உண்டாக்குகிறது. அங்கே இறால் பிடிக்கும் மீனவரும் கடைமடைக்காரரே.

மாநில அரசு 2013இல் வகுத்த திட்டம், இக்கழிவை 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்கிறது. விவசாயிகளின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது. கட்டாயம் வேண்டாம், நாங்களே செய்வோம் என்று தலைவர்கள் வாதிட்டனர். அவ்வாறாயின் செய்துகாட்டும் பொறுப்பும் அவர்களையே சேர்கிறது. அறுவடைக்குப் பின் வயலை வெறுமையாக விடாமல் ரை முதலிய மூடுபயிர் விதைத்தால், மண்ணில் எஞ்சும் தழைச்சத்தை அது பிடித்துக்கொள்ளும். சிலர் அதைச் செய்தும் வருகின்றனர். விதைச் செலவு உண்டு. வரும் பயன் ஆற்றின் கீழ்ப்புறத்தில் முகம் தெரியாதவருக்கு. அதை அண்டை வீட்டாரிடம் சொல்வது வாஷிங்டனில் பேசுவதைவிடக் கடினம்.

அக்டோபர் முதல் நாள் சங்கத்தில் புதிய தலைவர் பொறுப்பேற்கிறார். அறுவடைக் காலம் அது. மூன்று நாள் கழித்துப் புனித பிரான்சிசின் திருநாள். பொறுப்பை ஒப்படைத்தவர் தம் நிலத்துக்குத் திரும்பி அறுவடை இயந்திரத்தில் ஏறுகிறார். அவருடைய வயலுக்கு அடியிலும் அந்த வடிகால் குழாய் செல்கிறது. உறைபனிக்கு முன் அந்நிலத்தில் ரை விதைக்கச் சில வாரங்களே இருக்கின்றன.