மழைநீரும் அண்டைவீட்டாரின் உரிமையும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்து கொள்கிறேன்.

ஒரு ஜும்ஆ நாளில் நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் உரை நிகழ்த்திக் கொண்டிருந்தார்கள். ஒருவர் வந்து, கால்நடைகள் அழிகின்றன, மழைக்காக துஆ செய்யுங்கள் என்று கேட்டார். நபியவர்கள் கைகளை உயர்த்தினார்கள். மழை தொடங்கி ஒரு வாரம் நிற்கவேயில்லை. அடுத்த ஜும்ஆவில், மழையால் எல்லாம் அழிகிறது, அதை நிறுத்த துஆ செய்யுங்கள் என்று முறையிடப்பட்டது. அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

அப்போது நபியவர்கள் மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. எங்கள் மீது வேண்டாம். குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் வளரும் இடங்களிலும் பொழியட்டும் என்றுதான் கேட்டார்கள். தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும் இடத்துக்கு அது போகட்டும் என்பது அந்த துஆவின் கருத்து.

அந்த இரண்டு ஜும்ஆக்களையும் நாம் நம் ஊரில் பார்த்துவிட்டோம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஓஎம்ஆர் சாலையில் தண்ணீர் இல்லாததால் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்ன நிறுவனங்கள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மீண்டும் வெள்ளம்.

அல்லாஹ் மழையை ஓர் அளவோடு இறக்கி, அதைப் பூமியில் தங்க வைப்பதாகவும், அதைப் போக்கிவிடவும் தான் ஆற்றலுள்ளவன் என்றும் சொல்கிறான் (அல்குர்ஆன் 23:18). அவன் தங்க வைக்கும் பூமியை நாம் சிமெண்ட் போட்டு மூடிவிட்டு, மழையைக் குறை சொல்வது நியாயமா?

கணுக்கால் அளவு

மதீனாவின் மஹ்ஸூர் ஓடைத் தண்ணீர் பற்றி வழக்கு வந்தது. மேட்டில் நிலம் உள்ளவர் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்வரை தேக்கிக்கொண்டு, பிறகு கீழே உள்ளவருக்கு விட வேண்டும் என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது.

அது தண்ணீர் அரிதான ஊர். மேலே உள்ளவர் அதிகமாகப் பிடித்து வைக்கிறார் என்பதுதான் அன்றைய புகார். இன்று நம் புகார் நேர்மாறானது: மேலே உள்ளவர் எதையும் பிடித்து வைக்காமல் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கீழே தள்ளுகிறார். ஆனால் தீர்ப்பின் அடிப்படை ஒன்றே. உன் நிலத்துக்கு வரும் தண்ணீரில் உனக்குப் பங்கு உண்டு, அதற்கு வரம்பும் உண்டு, கீழே ஒருவர் இருக்கிறார் என்பதை மறக்காதே.

நம் முன்னோரும் இப்படித்தான் செய்தார்கள். செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். கலங்கலின் உயரம்தான் அந்த ஏரியின் 'கணுக்கால் அளவு'. இன்று வரத்துக் கால்வாய்களில் வீடுகள் நிற்கின்றன. அடுத்தவர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தவருக்கே ஏழு பூமிகளின் சுமை கழுத்தில் மாட்டப்படும் என்று நபியவர்கள் எச்சரித்திருக்க, ஊருக்கே பொதுவான நீர்வழியை அடைத்தவரின் நிலை என்ன?

ஒரு கிரவுண்டுக்கு இரண்டு லாரி

கணக்குப் பாருங்கள். 2,400 சதுர அடி மனையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 22,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஏறக்குறைய இரண்டு. ஒரு ஏக்கர் அடுக்குமாடி வளாகம் என்றால் நான்கு லட்சம் லிட்டர். ஐப்பசியில் இதைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, சித்திரையில் அதே தண்ணீரை லாரிக்காரரிடம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

தள்ளிய தண்ணீர் எங்கே போகிறது? பக்கிங்காம் கால்வாய்க்கு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் உபரி நீரும் ஒக்கியம் மடுவு வழியாக அங்கேதான் வருகிறது. எல்லாம் சேர்ந்து முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலுக்குள் போக வேண்டும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் தண்ணீர் சீக்கிரம் வடியாது. அப்போது யார் வீட்டுக்குள் புகும்? மண் கொட்டி மனையை உயர்த்த வசதியில்லாத ஏழையின் வீட்டுக்குள்.

வீட்டை உயர்த்திக் கட்டுவது பாவமில்லை; அது பாதுகாப்பு. ஆனால் மனை முழுவதையும் உயர்த்தி, சுற்றிலும் சிமெண்ட் போட்டு, தண்ணீரைப் பக்கத்து வீட்டு வாசலுக்குத் திருப்புவது தொல்லை. எவருடைய தொல்லையிலிருந்து அண்டைவீட்டார் நிம்மதியாக இல்லையோ அவர் முஃமின் அல்ல என்று நபியவர்கள் அல்லாஹ்வின் மீது சத்தியமிட்டுச் சொன்னார்கள். மழைநீரும் இதில் அடங்கும்.

நாம் என்ன செய்வது?

ஒன்று: தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். தொட்டி பல வீடுகளில் இருக்கிறது. தூர் வாராமல் அடைத்துக் கிடக்கிறது. மழைக்கு முன் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டு, அடுத்த மழையைச் சேமியுங்கள். கழிவுநீர் அதில் கலக்கவே கூடாது.

இரண்டு: வாசலையும் கார் நிறுத்துமிடத்தையும் முழுக்க மூடாதீர்கள். இடைவெளி விட்டுக் கல் பதியுங்கள், இடையில் புல் வளரட்டும். தோட்டத்தைத் தரையைவிட அரை அடி தாழ்வாக வையுங்கள். மழை அங்கே நின்று மண்ணில் இறங்கும். களிமண்ணில் மெதுவாகத்தான் இறங்கும். அங்கே உறை இறக்கிய கிணறு வேண்டும். இல்லாவிட்டால் கூரை நீரை வடிகட்டிச் சம்ப்பில் சேருங்கள்.

மூன்று: உங்களில் பொறியாளர்கள், கட்டுமானத் தொழில் செய்பவர்கள், குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்கள் இருக்கிறீர்கள். வரைபடத்தில் காட்டிய உறிஞ்சுகுழியைத் தரையில் தோண்டாமல் கையெழுத்திடுவது அமானிதத்தில் மோசடி. யாரும் சோதிக்காமல் போகலாம், அல்லாஹ் பார்க்கிறான்.

நான்கு: பள்ளிவாசலே முதலில் செய்து காட்ட வேண்டும். கூரை நீர் கிணற்றுக்கும், ஒளூ செய்த நீர் மரங்களுக்கும் போகட்டும்.

நான் ஒருவன் செய்து என்ன ஆகும், அரசாங்கம் வடிகால் கட்டட்டும் என்று சொல்பவர் உண்டு. அரசிடம் கேட்பது நம் உரிமை, கேட்போம். ஆனால் மறுமையில் நம் மனையைப் பற்றி நம்மிடம்தான் கேட்கப்படும். பாதையில் கிடக்கும் ஒரு முள்ளை அகற்றுவதையே ஈமானின் ஒரு கிளை என்று சொன்ன மார்க்கம் இது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்காமல் தடுப்பது அதைவிடச் சிறியதா?

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயன் தரும் மழையைத் தருவாயாக. அதைத் தாங்கிக்கொள்ளும் பூமியை நாங்கள் கெடுத்துவிடாமல் காப்பாயாக. எங்களால் எந்த அண்டைவீட்டாரும் துன்பப்படாத வாழ்வைத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.