யாரு போகச் சொன்னா?

2023 மே மாதம். கெடா மாநிலப் பொதுத் தற்காப்புப் படை இயக்குநர் அவாங் அஸ்கண்டார் எவரெஸ்ட் உச்சியை எட்டும் முன்பே இறந்துபோனார். அதே குழுவில் சென்ற முகமட் ஹவாரி ஹாஷிம் காது கேளாதவர், வயது 33. உச்சியைத் தொட்டு இறங்கி, நான்காம் முகாம் வரை வந்தபின் காணாமல் போனார். முன்னவரின் உடல் ஊர் வந்தது. பின்னவரைத் தேடினார்கள், கிடைக்கவில்லை.

கம்போங் மேடான் சாப்பாட்டுக் கடைகளில் இந்தப் பேச்சு எடுத்தால் வந்து நிற்பது ஒரே கேள்விதான்: “இவங்கள யாரு போகச் சொன்னா?”

*

இரவு ஷிஃப்ட் முடித்து, கண் சொருகச் சொருக ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் ஓட்டி வருகிற பையனை யாரும் அப்படிக் கேட்பதில்லை. வேலை போகச் சொன்னது, போனான். அவன் விழுந்தால் பாவம் என்கிறோம். மலையில் விழுந்தவனுக்குத் திமிர் என்கிறோம்.

*

1997 மே 23. எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக மலேசியக் கால் பட்ட நாள். மகேந்திரன், மோகனதாஸ், இருவரும் நம் ஆட்கள். அவர்களை யார் போகச் சொன்னது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. பெருமைப்பட்டோம். உயிரோடு திரும்பினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

*

8,000 மீட்டருக்கு மேல் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். போதும், திரும்பு என்று சொல்ல வேண்டிய மூளையே அங்கே தடுமாறுகிறது. கீழே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து “அப்பவே இறங்கியிருக்கலாமே” என்பது சுலபம்.

*

இமயம் வரை போவானேன். மெலாவத்தி பக்கம், கிள்ளான் கேட்ஸ் அணையை ஒட்டி புக்கிட் தாபூர் நிற்கிறது. குவார்ட்ஸ் பாறை முகடு, இரண்டு பக்கமும் சரிவு. மேலிருந்து பார்த்தால் ஒரு புறம் நீர்த்தேக்கம், மறுபுறம் கோலாலம்பூர். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் உண்டா? அங்கேயும் வழுக்கி விழுந்து செத்திருக்கிறார்கள். தடை போட்டும் ஏறுகிறார்கள். யாராவது மாட்டிக்கொண்டால் போம்பாக்காரர்கள் கயிறோடு மேலே போகிறார்கள்.

யார் போகச் சொன்னது என்ற கேள்விக்கு நேரான பதில் உள்ளவர்கள் இந்தப் போம்பாக்காரர்கள்தான். ஆனால் அந்தக் கேள்வியை இவர்களைப் பற்றி நாம் கேட்பதே இல்லை.

*

2019 ஏப்ரலில் மலேசிய மருத்துவர் சின் வூய் கின் அன்னபூர்ணா உச்சியைத் தொட்டு இறங்கும்போது மேலேயே சிக்கிக்கொண்டார். மலையேறி நிர்மல் பூர்ஜாவும் கூட்டாளிகளும் அதே மலையை அப்போதுதான் ஏறி இறங்கியிருந்தார்கள். ஹெலிகாப்டர் கயிற்றில் தொங்கி மறுபடி மேலே போய் அவரை உயிரோடு இறக்கினார்கள். ஆனால் மே 2 அன்று சின் சிங்கப்பூர் மருத்துவமனையில் இறந்தார்.

கினபாலுவில் 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் 18 பேர் மாண்டார்கள். அவர்களில் மலை வழிகாட்டிகளும் உண்டு. மேலே மாட்டிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பாறை உருண்ட பாதையில் கூட்டிவந்தவர்களும் வழிகாட்டிகள்தான்.

*

எவரெஸ்ட், 2014 ஏப்ரல் 18. கும்பு பனியருவியில் பனிப்பாளம் சரிந்து 16 நேப்பாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஷெர்ப்பாக்கள். பணம் கட்டி வந்தவர்களுக்காகச் சுமை தூக்கிப் போனவர்கள். ஒரு குடும்பத்துக்கு 40,000 நேப்பாள ரூபாய் தருகிறோம் என்றது அரசாங்கம். ஈமச்சடங்குக்கே காணாது. ஷெர்ப்பாக்கள் இனி ஏறமாட்டோம் என்று இறங்கிவிட்டார்கள். நேப்பாளப் பக்கம் அந்த ஆண்டு ஏற்றமே ஏறக்குறைய நின்றுபோனது.

வாங் ஜிங் என்ற சீனப் பெண்மணி மட்டும் ஹெலிகாப்டரில் பனியருவியைத் தாண்டி இரண்டாம் முகாமில் போய் இறங்கி, மே 23 அன்று உச்சியைத் தொட்டார். அவரோடு ஐந்து ஷெர்ப்பாக்கள் போனார்கள்.